நான்காவது புள்ளி

மீட்டர் ஐயாவின் வீட்டு வாசலில் அழைப்புமணி கிடையாது. முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் ஊரார் வீட்டு மீட்டர்களைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவர், மணியடிக்கக்கூட மின்சாரம் செலவழிக்க மாட்டார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஓடக்கூடாத மீட்டர் ஏன் ஓடுகிறது, ஓடவேண்டிய மீட்டர் ஏன் நிற்கிறது என்ற இரண்டே கேள்விகளில் ஆயுளைக் கழித்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு அதே கேள்விகளை மனிதர்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். நாலைந்து குடும்பங்களின் சிக்கல் அவிழ்ந்ததில் பெயர் பரவிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கதவைத் தட்டியபோது திறந்தவர் அவருடைய மச்சான். மருந்துக்கடையை விற்றுவிட்டு அக்கா வீட்டோடு வந்து தங்கியவர். கடை போனாலும் சட்டைப்பையில் மூன்று பேனா செருகும் பழக்கம் போகவில்லை.

"மீட்டர் விஷயமா, மர்ம விஷயமா?" என்று கேட்டார்.

"தெரியல," என்றாள் அவள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க. அது எதுல சேரும்?"

"உள்ள வாங்க, உள்ள வாங்க. அத்தான், நமக்கு ஆள் வந்திருக்கு."

மீட்டர் ஐயா செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் உட்காருமுன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடணும். வீடு வீடா நர்ஸ் அனுப்பற நிறுவனத்துக்குக் குடுக்கற புகார், திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அங்க விசாரணை. போட்டா ஒரு நர்ஸ் பொண்ணுக்கு வேலை போயிடும், அப்புறம் வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. போடலைன்னா என் கொழுந்தன் பொய் சொல்றார்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அவரைப் பதினோரு வயசுலேர்ந்து நாங்கதான் வளர்த்தோம்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"படிக்கறதுதான் ஐயா எனக்கு வேலை. இருபத்தாறு வருஷமா அச்சகத்துல மெய்ப்புத் திருத்தறேன். இதுல ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஆனாலும் கை போக மாட்டேங்குது."

அவள் சொன்ன விவரம் இது.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். தெரு முழுக்க அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்குள் படுத்துக் கிடக்க மறுத்தார். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கல்தொட்டி வைத்து, அதில் சூரிய சக்தியில் ஓடும் சின்ன நீரூற்று ஒன்றைத் தம்பியின் உதவியோடு பொருத்தினார். பேட்டரி கிடையாது. வெயில் தகட்டில் விழுந்தால் தண்ணீர் எழும். மேகம் வந்தால் படுத்துவிடும். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அதன் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குருவிகள் குளிக்க வரும். அவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தார்.

ஆறு வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த நாற்காலியிலேயே இறந்துபோனார்.

"அன்னைக்கு நான் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். கொழுந்தன் வீட்ல இருந்தார். செவ்வாய், வெள்ளி ரெண்டு மணிக்கு நர்ஸ் வந்து, ரத்தம் உறையாம இருக்க ஊசி போடும். அன்னைக்கும் வந்து போட்டுச்சு, ஒரு மணி நேரத்துல அண்ணன் தளர்ந்து போயிட்டார், மூணு மணிக்குப் பேசிக்கிட்டிருந்தவர் அப்படியே சாய்ஞ்சிட்டார்னு கொழுந்தன் சொல்றார். அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னா, 'அக்கா, நான் உள்ளயே வரல. கேட்டுல வெளிப்பக்கமா பூட்டு தொங்குச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்'னு சொல்லுது."

மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அந்த ஊசி அளவு மீறினா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும் அத்தான். வெளிய ஒண்ணும் தெரியாது. பூட்டுக்கதை எல்லாம் அப்புறம் கட்டினது."

"ஊசி மருந்து யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார் ஐயா.

"அதுகிட்டதான். அன்னைக்குப் பிரிக்காத மருந்துன்னு ஒண்ணைக் காட்டுச்சு. அது வேற யாருக்கோ வச்சிருந்ததுன்னு கொழுந்தன் சொல்லிட்டார்."

"நடுவுல நீங்க ஃபோன் பண்ணலையா?"

"தினமும் ரெண்டரைக்கு டீ வரும்போது பண்ணுவேன். அவர் எடுத்தா முதல்ல தண்ணி சத்தம்தான் கேக்கும். அன்னைக்கு எடுக்கல. கொழுந்தனுக்கு அடிச்சேன். 'அண்ணன் ஃபோன் உள்ள சார்ஜுல கிடக்கு'ன்னார். நர்ஸ் வந்துச்சான்னு கேட்டேன். வந்து ஊசி போட்டுட்டுப் போயிடுச்சுன்னார். அவர்கிட்ட குடுங்கன்னேன். 'தண்ணி ஆளுயரத்துக்கு எகிறுது, பாத்துக்கிட்டே கண் அசந்துட்டார், எழுப்பவா'ன்னார். வேண்டாம்னுட்டேன்."

அவள் மேசைமேல் இருந்த தாளை நேராக்கினாள். "அன்னைக்குச் சீக்கிரம் வர்றேன்னு சொல்லியிருந்தேன். மூணு மணிக்குள்ள. ஒரு புத்தகத்தோட கடைசிப் பாரம், பதினாறு பக்கம், கையில இருந்துச்சு. முடிச்சுட்டுப் போலாம்னு உக்காந்துட்டேன்."

மச்சான் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

"அந்த ஃபோன்ல தண்ணி சத்தம் கேட்டுச்சாம்மா?" என்றார் ஐயா.

அவள் யோசித்தாள். "இல்ல. வேற ஏதோ சத்தம். பலகையில தட்டற மாதிரி. டொக், டொக்குன்னு விட்டு விட்டு. பக்கத்துல யாரோ ஆணி அடிக்கறாங்கன்னு நினைச்சேன்."

"நீங்க வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"நாலே முக்கால். நாற்காலியிலதான் இருந்தார். கைத்தடி கையில இருந்துச்சு. நான் எடுக்கப் பாத்தேன், விடல. ரெண்டு பேரா விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான், பிடிச்சா விடமாட்டார்."

மீட்டர் ஐயா மச்சானைப் பார்த்தார். மச்சான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்?"

"தெரு முனையில இருக்கறவர். அஞ்சு மணிக்கு வந்தார். எப்ப ஆச்சுன்னு கேட்டார், மூணு மணின்னு கொழுந்தன் சொன்னார், எழுதிக் குடுத்துட்டார். பழைய நோயாளிதானே."

"வீட்ல ஏதாவது காணாம போச்சா?"

"போற அளவுக்கு என்ன இருக்கு? அவரோட கேரம் ஸ்ட்ரைக்கர் ஒண்ணு. வாலிபத்துல விளையாடினது, தந்த நிறத்துல இருக்கும். தொட்டா கை ஒடிச்சிடுவார். மேசை டிராயர்ல பூட்டி வச்சிருந்தார். படத்துக்குப் பக்கத்துல வைக்கலாம்னு தேடினேன், கிடைக்கல."

"இப்ப அந்த நீரூற்று ஓடுதா?"

"அது ஏன் கேக்கறீங்க. காலையில கொஞ்ச நேரம் நல்லா எழும்பும். மத்தியானம் ஆனா தலை தொங்கிடும். ரெண்டு மணிக்கெல்லாம் சுத்தமா நின்னுடும், வெயில் கொளுத்தினாலும். அதுக்கும் வாதம் வந்துடுச்சுன்னு விட்டுட்டேன்."

"யாராவது தொட்டாங்களா?"

"யார் தொடுவா? நான் அந்தப் பக்கமே போறதில்ல. கொழுந்தனும் போறதில்ல."

ஐயா தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வர்றோம். தோட்டத்தைப் பாக்கணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. பெருக்கக்கூட வேண்டாம்."

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒட்டவில்லை. முகத்தில் மட்டும் அண்ணனுடைய சாயல் அப்படியே இருந்தது. அந்தச் சாயலைப் பார்த்துச் சந்தேகப்படுவதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது.

"எங்க அண்ணி போயிட்டு வர்றீங்க?"

"மூக்குக்கண்ணாடி மாத்த," என்றாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். நாக்கு கூசவில்லை என்பது பயமாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"திங்கக்கிழமைதானே."

இரவுச் சாப்பாடு பேச்சில்லாமல் முடிந்தது. அவர் மாடிப்படி ஏறும் சத்தத்தை அவள் எண்ணினாள். ஏழாவது படியில் நின்றார். அவளும் கையில் தட்டோடு அசையாமல் நின்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் மூச்சை மற்றவர் ஒட்டுக்கேட்டபடி இருப்பது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு அவர் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்குச் சரியாக மீட்டர் ஐயா வந்தார். கூட மச்சான், ஒரு தோல்பை, ஒரு குடை. நீரூற்றைப் பழுது பார்க்க வந்தவர்கள் என்று அவள் அறிமுகம் செய்தாள்.

"அது போனா போகட்டுமே அண்ணி, எதுக்குத் தண்டச் செலவு," என்றார் கொழுந்தன். ஆனாலும் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மச்சான் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடி கைதவறி மேசையின் மறுகோடிக்கு உருண்டு கொழுந்தன் பக்கம் நின்றது. கொழுந்தன் பேசிக்கொண்டே, பார்க்காமலே, விரலைக் கட்டைவிரலில் மடக்கி ஒரு சுண்டு சுண்டினார். மூடி இரண்டு தம்ளர்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய்ப் பாட்டிலின் அடியில் முட்டி நின்றது.

"அடடே," என்றார் ஐயா.

கொழுந்தன் கையைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, எதற்கு என்று விளங்கவில்லை.

தோட்டம் பத்தடிக்கு இருபதடி. நடுவில் கல்தொட்டி, அதன் ஓரம் பிரம்பு நாற்காலி. நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் இடுப்பளவு இரும்புக் கம்பம். அதன் தலையில் சிலேட்டுப் பலகை அகலத்துக்குக் கறுப்புத் தகடு. தகட்டிலிருந்து ஒரு வயர் தொட்டிக்குள் இறங்கியது. காலை வெயிலில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழுந்து உடைந்துகொண்டிருந்தது.

மச்சான் வயரைக் கண்டதும் ஐயாவின் காதருகே குனிந்தார். "அத்தான், தண்ணியில கரண்டு. தொட்டியில கை வச்சிருப்பார், ஷாக் அடிச்சிருக்கும். நர்ஸும் இல்ல, தம்பியும் இல்ல. ஃபவுண்டன்தான் கொலைகாரன்."

"ஆறு வோல்ட்டு மச்சான். நாக்குல வச்சாக்கூட கூசத்தான் செய்யும்."

ஐயா கம்பத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். தகடு கம்பத்தோடு ஒட்டியதாக இல்லை. ஒரு இரும்பு வளையத்தின்மேல் சுழலும்படி வைத்திருந்தார்கள். வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் புள்ளிகள். தகட்டின் அடியில் ஒரு முள். முள் நான்காவது புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றது. தகட்டின் ஓரத்தில் ஒரு கொக்கி.

"இந்தக் கொக்கி எதுக்கும்மா?"

"கைத்தடியோட வளைவை அதுல மாட்டி இழுப்பார். உக்காந்த இடத்துலேர்ந்தே தகடு திரும்பும். வெயில் போற பக்கம் திருப்பிக்கிட்டே இருந்தா தண்ணி சாயங்காலம் வரைக்கும் குறையாது. அதுக்கு 'வண்டி கிளப்புறது'ன்னு பேரு வச்சிருந்தார். 'எட்டரை வண்டி போகலாம், ரைட்'னு தானே சொல்லிப்பார். நான் லீவுல இருந்தா சிரிப்பா வரும்." அவள் தொட்டியைப் பார்த்தாள். "அரை மணிக்கு ஒரு தடவை. ஒரு நாள் தவறினதில்ல. முப்பது வருஷம் வண்டி அனுப்பின மனுஷன்."

"புள்ளி எத்தனைன்னு எண்ணியிருக்கீங்களா?"

"அழகுக்கு வச்சிருக்கார்னு நினைச்சேன்."

"பத்தொம்பது," என்றார் மச்சான், வளையத்தைச் சுற்றி வந்து. "ஒத்தைப்படையா இருக்கே. ஏதாவது சங்கேதமா?"

ஐயா தோல்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில், கைப்பிடி மண் அப்பியதுபோல ஒரு குளவிக்கூடு. காய்ந்து கல்லாகியிருந்தது, ஓரத்தில் குஞ்சுகள் துளைத்து வெளியேறிய ஓட்டைகள். கூட்டின் ஒரு பாதி தகட்டிலும் மறுபாதி வளையத்திலும் ஒட்டியிருந்தது. எங்கும் விரிசல் இல்லை. ஐயா அதைப் பல கோணங்களில் படம் எடுக்கச் சொன்னார். மச்சான் பதினேழு படம் எடுத்தார்.

பிறகு ஐயா தகட்டின் மேல்விளிம்பைக் காட்டினார். அங்கே நடுவில் ஒரு சிறிய ஆணி செங்குத்தாக நின்றது. அதற்கு நேர்கீழே தகட்டின் சட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு. ஆணியின் நிழல் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது.

"இப்ப மணி எட்டு நாப்பது," என்றார். "உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள். பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மச்சான் இரண்டு முறை எழுந்து நடந்தார். நிழல் எறும்பு ஊர்வதுபோல நகர்ந்தது. கொழுந்தன் மாடி ஜன்னலில் வந்து நின்றார். அவள் நிமிர்ந்ததும் திரைச்சீலை விழுந்தது. ஒன்பது இருபத்தைந்துக்கு நிழல் கோட்டை நெருங்கியது. தண்ணீர் முன்பைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. ஒன்பது முப்பத்தாறுக்கு நிழல் கோட்டின்மேல் ஏறி, கோடு மறைந்தது.

மீட்டர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். அவருடைய முகத்தில் வெற்றி ஏதும் தெரியவில்லை. துக்க வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுகிறவரின் முகம்போல இருந்தது.

"மச்சான், உனக்கு ஒரு வேலை. இந்த ஊர்ல கேரம் விளையாடற கிளப்பு எத்தனை இருக்குன்னு பாரு. ஆறு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எதுல போட்டி நடந்துச்சுன்னு கேளு."

"கேரமா? நர்ஸ் கேரம் ஆடுமா அத்தான்?"

"போய்ட்டு வா. அம்மா, அஞ்சு மணிக்கு இங்கயே எல்லாரும் இருக்கணும். நர்ஸ் பொண்ணையும் வரச் சொல்லுங்க."

மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் வெயில் இருந்தது, தண்ணீர் இல்லை. நர்ஸ் பின்கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். முப்பது வயதிருக்கும், பையை மார்போடு அணைத்திருந்தாள். கொழுந்தன் சுவரோரம் நின்றார். மச்சான் கடைசியாக வியர்த்து வழிந்துகொண்டு வந்து, ஐயாவின் காதில் ஏதோ சொன்னார்.

"இவங்களை எதுக்கு அண்ணி வீட்டுக்குள்ள விட்டீங்க?" என்றார் கொழுந்தன் நர்ஸைக் காட்டி.

"நான்தான் வரச்சொன்னேன் தம்பி," என்றார் ஐயா. "உக்காருங்க. கொஞ்ச நேரம்தான். அந்த வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு அண்ணிகிட்ட ஃபோன்ல என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"அண்ணன் கண் அசந்துட்டார்னு."

"தண்ணி?"

"ஆளுயரம் எகிறுதுன்னு சொன்னேன். எகிறுச்சு."

"இந்தத் தகட்டை அதுக்கப்புறம் யாராவது திருப்பினீங்களா?"

"இல்லையே. யாரும் இந்தப் பக்கமே வர்றதில்ல."

"அதை நான் நம்பறேன். நீங்க ரெண்டு பேரும் சொன்னதுக்காக இல்ல. ஒரு குளவி சொல்லியிருக்கு." ஐயா கம்பத்தருகே போனார். "கூடு தகட்டையும் வளையத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கு. உள்ள முட்டை வச்சு, குஞ்சு பொரிச்சு, பறந்தும் போயாச்சு. அதுக்கே வாரக்கணக்கு ஆகும். நடுவுல தகடு ஒரு நூல் நகந்திருந்தாலும் மண்ணு விண்டிருக்கும். விரிசல்கூட இல்ல. அதனால இது டைம்கீப்பர் கடைசியா நிறுத்தின இடத்துலயே நிக்குது."

"அதனால?"

"பத்தொம்பது புள்ளி. எட்டு மணிக்கு உக்காருவார், அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார். அரை மணிக்கு ஒண்ணுன்னு வச்சா கணக்கு சரியா பத்தொம்பதுதான் வரும். முள்ளு நிக்கறது நாலாவதுல. எட்டு, எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. என் கணக்கு தப்பா இருக்கலாமேன்னு காலையில வெயிலையே கேட்டேன். ஆணியோட நிழல் கோட்டுல விழுந்தா தகடு வெயிலை நேருக்கு நேர் பாக்குதுன்னு அர்த்தம். விழுந்த நேரம் ஒன்பது முப்பத்தாறு. ஆறு வாரத்துல சூரியன் அவ்வளவு தள்ளும்."

ஐயா முள்ளைத் தொட்டுக் காட்டினார்.

"அரை மணிக்கு ஒரு வண்டி அனுப்பற மனுஷன். ஒரு நாளும் தவறாதவர். ஒன்பதரை வண்டியை அனுப்பியிருக்கார். பத்து மணி வண்டி போகல. மத்தியானம் ரெண்டரைக்குத் தகடு காலைப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தா தண்ணி எப்படி ஆளுயரம் எகிறும்? இதோ, இப்ப மாதிரிதான் கிடந்திருக்கும்."

"அது... அண்ணன் அன்னைக்குச் சோர்வா இருந்தார். திருப்பாம விட்டிருப்பார்."

"இருக்கலாம். அதுக்குத்தான் ரெண்டாவது சாட்சி. மச்சான், மருந்துக்கடை வச்சிருந்தவன் நீ சொல்லு. மூணு மணிக்குச் செத்தவர் கை நாலே முக்காலுக்குத் தடியை விடாம விறைச்சு நிக்குமா?"

மச்சான் இந்தத் தடவை நிதானமாகவே பேசினார். "தாடையில ஆரம்பிக்கும், அத்தான். விரல் வரைக்கும் இறுக அஞ்சாறு மணி நேரமாவது ஆகும். நேத்தே எனக்கு உறுத்துச்சு. அந்தம்மா முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த கை. பிடிவாதம் என்று நினைத்தது பிடிவாதமில்லை. கொக்கியில் மாட்டத் தயாராகப் பத்து மணிக்காகக் காத்திருந்த கை.

"ரெண்டு மணிக்கு ஊசி போட்டுக்க டைம்கீப்பர் உயிரோட இல்ல," என்றார் ஐயா. "போட்டாங்கன்னு சொன்னவரும் வீட்ல இல்ல. ரெண்டரைக்கு ஃபோன்ல கேட்டது ஆணி அடிக்கற சத்தம் இல்லம்மா. கேரம் போர்டு. காலையில மூடியைச் சுண்டின விரல் சாதாரண விரல் இல்ல. மச்சான்?"

"ரயில்வே கேட் பக்கத்துல ஒரு கிளப்பு. போட்டி காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் மூணு வரைக்கும். ஜெயிச்சவங்க போட்டோ சுவத்துல மாட்டியிருக்கு." மச்சான் தயங்கினார். "முதல் பரிசு. கையில கப்போட நிக்கறார்."

நர்ஸ் அணைத்திருந்த பை தரையில் விழுந்தது. "ஆறு வாரமா என்னை எந்த வீட்டுக்கும் அனுப்பல," என்றாள் மெல்ல. "ராத்திரி படுத்தா நானே யோசிப்பேன். ஒருவேளை உள்ள போனேனோ, போட்டேனோ, நான்தான் மறந்துட்டேனோன்னு. என்னையே நான் சந்தேகப்பட்டேன் சார்."

கொழுந்தன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணன்தான் போகச் சொன்னார்," என்றார். "அண்ணிக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கடா, நான் சொல்லமாட்டேன், பன்னெண்டுக்குள்ள வந்துடுன்னார். ஒன்பதே காலுக்குக் கிளம்பினேன். அவரால கேட்டு வரைக்கும் வர முடியாதேன்னு வெளிய பூட்டிட்டுப் போனேன். முதல் ஆட்டத்துலயே தோத்துடுவேன்னுதான் நினைச்சேன். ஜெயிச்சிக்கிட்டே போனேன் அண்ணி. வாழ்க்கையில எதுலயும் ஜெயிக்காதவன், அன்னைக்குப் பாத்து ஜெயிச்சேன். தோத்திருந்தா வந்திருப்பேன்."

"அண்ணி ஃபோன் வந்துச்சு," என்றார் ஐயா, எடுத்துக்கொடுப்பதுபோல.

"நர்ஸ் வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னு வாயில வந்துடுச்சு. சின்னப் பொய். சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். மூணரைக்கு வந்து பாத்தா..." அவர் தொட்டியைப் பார்த்தார். "அப்புறம் நர்ஸ் வரவே இல்லைன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு பூட்டைப் பத்திச் சொன்னதும், பொய்யின்னேன். பொய்யின்னா ஏன் பொய் சொல்லுதுன்னு கேட்டாங்க. அதுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"போகச் சொன்னது அவர்தான்னு நான் எப்படி நம்பறது?" என்றாள் அவள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "இதுவரைக்கும் சொன்னது எதை நம்பச் சொல்றீங்க தம்பி?"

கொழுந்தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினார். தந்த நிறத்தில் ஒரு வட்டம். ஓரத்தில் மழுங்கி, நடுவில் சிவப்பாக ஒரு பூப்போட்டது. ஆறு வாரமாக அவள் தேடிய ஸ்ட்ரைக்கர்.

"டிராயர் சாவி அவர் இடுப்புலதான் இருக்கும். உங்களுக்கே தெரியும். 'இதை வச்சு ஆடுடா'ன்னு அவரேதான் எடுத்துவரச் சொல்லிக் குடுத்தார். எனக்கு அவர் முதல்முதலா குடுத்தது."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். உடல்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் சாவியை அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்தவள் அவள்தான். ஸ்ட்ரைக்கரைத் திருடியிருக்க வழியில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் நம்பினாள்.

"நான் இங்க இருந்திருந்தா..." என்று ஐயாவைப் பார்த்துக் கேட்டார் கொழுந்தன்.

"எப்ப போனார்னு தகடு சொல்லும். இருந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு எந்தத் தகடும் சொல்லாது தம்பி. அதை நானும் சொல்லமாட்டேன்."

ஆறு வாரமாக அவள் மூன்று மணியைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்தக் கடைசிப் பாரத்தை வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் என்று ஒவ்வொரு இரவும் மனசுக்குள் அச்சகத்திலிருந்து ஓடிவந்தாள். ஒவ்வொரு இரவும் நாலே முக்காலுக்கே வந்து சேர்ந்தாள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில் அவள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எந்த நிறுத்தம் என்றுகூட நினைவில்லை. பாரம் இறங்கவில்லை, இடம் மாறியது.

அவள் உள்ளே போய் அந்தப் புகார்த் தாளையும் சிவப்புப் பேனாவையும் கொண்டுவந்தாள். தொட்டியின் விளிம்பில் தாளை வைத்து, வேலையில் செய்வதுபோலவே, ஒவ்வொரு வரியாகப் பேனாவை ஓட்டினாள். 'இரண்டு மணிக்குச் செவிலியர் வந்தார்' என்பதை அடித்தாள். 'மூன்று மணிவரை பேசிக்கொண்டிருந்தார்' என்பதை அடித்தாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் நேரங்களைத் திருத்தி எழுதினாள். முடித்ததும் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"இதை உங்க கையால சுத்தப்பிரதி எடுங்க. கையெழுத்து நீங்க போடுங்க. நாளைக்கு என்கூட வந்து, இந்தப் பொண்ணு முன்னாடி, நீங்களே வாசிக்கணும்."

"சரி அண்ணி."

"வாசிக்கும்போது நிறுத்தக் கூடாது."

மீட்டர் ஐயா குடையை எடுத்துக்கொண்டார். கேட்டருகே மச்சான் கிசுகிசுத்தது அவள் காதிலும் விழுந்தது. "அத்தான், நான் ஆரம்பத்துலேர்ந்தே தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன்."

"நீ ஃபவுண்டனைச் சந்தேகப்பட்டே மச்சான்."

திங்கட்கிழமை காலை வானம் துலக்கிய பாத்திரம்போல இருந்தது. கொழுந்தன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். பூட்டைக் கையில் எடுக்கத் தயங்கி, அதைச் சுவர்மேலேயே விட்டிருந்தார்.

"நேரமாச்சு அண்ணி. பத்தாகப் போகுது."

"தெரியும். ஒரு நிமிஷம்."

அவள் மூலையில் சாத்தியிருந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் கொக்கி நேராகத் தெரிந்தது. தடியின் வளைவை மாட்டி இழுத்தாள். முதலில் அசையவில்லை. பிறகு குளவிக்கூடு சின்னச் சத்தத்தோடு உடைந்து, வெறும் மண்ணாக உதிர்ந்தது. முள் நகர்ந்து ஐந்தாவது புள்ளிக்கு வந்து நின்றது. ஆணியின் நிழல் கோட்டைத் தேடிப் போயிற்று.

தண்ணீர் ஒரு கணம் தடுமாறி, பிறகு எழுந்தது.

"ரைட்," என்றாள் அவள், யாருக்கும் கேட்காமல். ஆறு வாரம் தாமதமாக, பத்து மணி வண்டி கிளம்பியது.